செய்முறை இருந்தும் சமைக்க முடியாத சமையல்

மூல நிரல் கையில் இருந்தால் மட்டும் போதுமா? டெபியன் தொண்டர்கள் கண்ட விடை

கல்யாண வீட்டுச் சமையலுக்குப் பொறுப்பேற்கும் மூத்த சமையற்காரர், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்வார். பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அரிசி வந்ததா, பருப்பு வந்ததா, புளி போதுமா என்பதோடு அவர் நிற்பதில்லை. மாவரைக்கும் கிரைண்டர் வந்துவிட்டதா, அது ஓட மின்சாரம் உண்டா, கேஸ் தோம்பு நிறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். சாப்பிடுகிறவர் இலையில் கிரைண்டர் வரப்போவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் இலைக்கு இட்லியும் வரப்போவதில்லை.

கணினி மென்பொருளிலும் இதே நிலைதான். ஒரு மென்பொருள் ஓடுவதற்குத் தேவையானவை வேறு. அதை உருவாக்குவதற்குத் தேவையானவை வேறு. பயனீட்டாளர் கண்ணில் படுவது முதல் வகை மட்டுமே. இரண்டாவது வகை சமையற்கட்டோடு நின்றுவிடுகிறது. அந்தச் சமையற்கட்டுப் பட்டியலை ஒழுங்காக எழுதி, அதிலுள்ள யாவும் உண்மையிலேயே கிடைக்குமா என்று முன்கூட்டியே சோதிக்கும் பழக்கம் எப்படி வளர்ந்தது? சாதாரண நிர்வாக வேலை போலத் தோன்றும் இந்தச் சோதனைக்குப் பின்னால், மென்பொருள் சுதந்திரம் என்ற பெரிய கொள்கையின் உயிரே அடங்கியிருக்கிறது.

சுதந்திரம் என்றால் என்ன?

1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துச் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் பணியாற்றினார். அங்கிருந்த அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த அவர் விரும்பினார். அதன் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. மூல நிரல் என்பது மனிதர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய வடிவம். அதைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றித்தான் மென்பொருள் ஓடுகிறது. மாற்றிய வடிவம் மட்டும் கையில் இருந்தால் அதைத் திருத்துவது மிகக் கடினம். இத்தகைய அனுபவங்களின் பின்னணியில்தான் 1983ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் குனூ திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பதே அதன் அடிப்படை.

இங்கு ஒரு வினா எழுகிறது. மூல நிரலைக் கொடுத்துவிட்டால் மட்டும் சுதந்திரம் முழுமை பெற்றுவிடுமா? ஒருவர் மூல நிரலைப் பெறுகிறார். ஒரு வரியைத் திருத்துகிறார். திருத்தியதை ஓடும் மென்பொருளாக மாற்ற முயல்கிறார். அதற்குரிய கம்பைலர் கிடைக்கவில்லை, அல்லது அது கேட்கும் பழைய நிரலகம் எங்கும் இல்லை. அப்போது அவர் கையில் இருப்பது உரிமைப் பத்திரம் மட்டுமே. வீட்டுக்குள் நுழையும் சாவி அவரிடம் இல்லை.

ஒரு மாணவர் தொடங்கிய பணி

1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். குனூ கருவிகளும் இந்தக் கருவும் சேர்ந்தபோது முழுமையான இயங்குதளம் ஒன்று உருவாக வழி பிறந்தது. ஆனால் பல்வேறு இடங்களிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான துண்டுகளை யார் ஒழுங்காகச் சேர்த்துத் தருவது?

1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி அந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தவர் இயன் மர்டோக். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவரான அவருக்கு அப்போது வயது 20. தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அந்தத் திட்டத்துக்கு டெபியன் என்று பெயரிட்டார். ஒரு தனி நிறுவனத்தின் கையில் இல்லாமல், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் கூடி இயங்குதளம் ஒன்றைப் பராமரிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்படும். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தொண்டர் பொறுப்பேற்பார். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி மர்டோக் காலமானார். அவர் தொடங்கிய பணி இன்றும் தொடர்கிறது.

1997ஆம் ஆண்டு ஜூலை மாதம் டெபியன் தொண்டர்கள் பயனீட்டாளர்களோடு ஒரு சமுதாய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டனர். டெபியன் முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்பது அதன் முதல் வாக்குறுதி. வாக்குறுதி கொடுப்பது எளிது. அதைக் காப்பாற்றுவதற்கு என்ன தேவை என்பது, பொதிகளின் எண்ணிக்கை பெருகப் பெருகத்தான் தெரியவந்தது.

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்த 1.1 வெளியீட்டில் 474 பொதிகள் இருந்தன. 1998ஆம் ஆண்டு வந்த 2.0 வெளியீட்டில் அது 1,500ஐத் தாண்டியது. 2002ஆம் ஆண்டு 3.0 வெளியீட்டில் ஏறக்குறைய 8,500. 2005ஆம் ஆண்டு 3.1 வெளியீட்டில் ஏறக்குறைய 15,400. ஒரு மனிதர் மனத்தில் வைத்துக்கொண்டு சமாளிக்கும் அளவை இது எப்போதோ கடந்துவிட்டது.

பட்டியல் எழுதப்படாத காலம்

தொடக்கத்தில் பொதிகளை உருவாக்கிய முறை எளியது. பொறுப்பாளர் தம் வீட்டுக் கணினியில் மூல நிரலை இறக்குவார்; தேவையான கருவிகளை நிறுவுவார்; மென்பொருளை உருவாக்கிப் பதிவேற்றுவார். அந்தப் பொதி ஓடுவதற்கு எவையெவை தேவை என்ற பட்டியல் அதனுடன் செல்லும். ஆனால் அதை உருவாக்க என்னென்ன தேவைப்பட்டன என்ற விவரம் பொறுப்பாளரின் கணினியிலும் அவர் நினைவிலும் மட்டுமே தங்கிவிடும்.

பெரும்பாலோர் ஒரே வகைக் கணினியைப் பயன்படுத்தியவரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 2.0 வெளியீட்டில் நிலைமை மாறியது. இன்டெல் வகைக் கணினிகளோடு, மோட்டரோலா 68000 வகைச் செயலிகளில் ஓடும் கணினிகளுக்கும் டெபியன் வெளியிடப்பட்டது. ஒரு வகைச் செயலிக்காக உருவாக்கிய மென்பொருள் இன்னொரு வகையில் ஓடாது. எனவே ஒவ்வொரு பொதியையும் மீண்டும் ஒரு முறை உருவாக்கியாக வேண்டும். மூலப் பொறுப்பாளரிடம் அந்தக் கணினி இருக்காது. வேறொருவர்தான் உருவாக்க வேண்டும். அவரிடம் கருவிப் பட்டியல் எங்கே?

மோட்டரோலா குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். ரோமன் ஹோடெக் என்ற தொண்டர், பொதிகளைத் தானாக உருவாக்கும் நிரல்களை எழுதினார். எந்தப் பொதி உருவாக்கப்படக் காத்திருக்கிறது என்று ஒரு தரவுத்தளம் கணக்கு வைத்துக்கொள்ளும். கணினிகள் தாமாகவே வேலையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவாக்கும். அவை மெதுவான கணினிகள் என்பதால் பெரிய பொதி ஒன்றுக்கு நாள் கணக்கில் ஆவதும் உண்டு. கருவிப் பட்டியல் இல்லாத குறையை, குழுவினர் தாங்களே தொகுத்த பொதுப்பட்டியல் ஒன்றால் நிரப்பினர். எந்தப் பொதிக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு தோல்வியிலிருந்தும் கற்றுக்கொண்டு எழுதிய பட்டியல் அது.

இந்த வழி நெடுநாள் தாங்காது. அறிவு ஒரு சிலரிடம் மட்டும் தேங்கியிருந்தது. ஆகவே 1999ஆம் ஆண்டு டெபியன் கொள்கை விதிகளில் ஒரு புதிய பகுதி சேர்ந்தது. ஒவ்வொரு மூலப் பொதியும் தன் உருவாக்கத் தேவைகளைத் தானே அறிவிக்க இடம் தரப்பட்டது. கம்பைலர், மேக் போன்ற அடிப்படைக் கருவிகள் எங்கும் இருக்கும் என்று கொள்ளலாம். அவற்றுக்கு மேல் வேண்டிய யாவற்றையும் எழுத வேண்டும். சில கருவிகள் உடனிருந்தால் உருவாக்கம் கெடும் என்றால் அதையும் எழுதலாம். சமையற்காரர் மனத்தில் இருந்த பட்டியல் தாளுக்கு வந்தது.

தாளில் எழுதியது உண்மைதானா என்பதைச் சோதிக்கவும் ஒரு முறை பிறந்தது. தானியங்கி உருவாக்கக் கணினி, வெறுமையான ஒரு சூழலை முதலில் அமைக்கும். அதில் அடிப்படைக் கருவிகள் மட்டுமே இருக்கும். பட்டியலில் உள்ளவற்றை அதில் நிறுவும்; பிறகு உருவாக்கத் தொடங்கும். பொறுப்பாளர் எழுத மறந்த கருவி அவர் வீட்டுக் கணினியில் இருந்திருக்கலாம். இந்த வெறுஞ்சூழலில் அது இருக்காது. மறதி உடனே வெளிப்பட்டுவிடும். 2002ஆம் ஆண்டு 3.0 வெளியீடு 11 வகைச் செயலிகளுக்கு வந்தது. இந்த ஒழுங்கு இல்லாமல் அது நடந்திருக்க முடியாது எனலாம்.

பட்டியல் இருந்தால் போதுமா?

பட்டியல் வந்துவிட்டது, இனிச் சிக்கல் இல்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அடுத்த சிக்கல் அங்கேதான் ஆரம்பமானது.

ஒரு பொதியை உருவாக்க ஐந்து பொருள்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேவைகள் உண்டு. அந்தத் தேவைகளுக்கும் தேவைகள் உண்டு. சில இடங்களில் 'இதுவோ அதுவோ ஒன்று போதும்' என்ற விதி இருக்கும். வேறு சில இடங்களில் 'இது இருந்தால் அது கூடாது' என்ற விதி இருக்கும். எக்சிம், போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் இரண்டு மின்னஞ்சல் பொதிகளை எடுத்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் அனுப்பும் நிரல் ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்கும் பொதிக்கு இரண்டில் எதுவும் போதும். ஆனால் இரண்டையும் ஒரே டெபியன் கணினியில் ஒன்றாக நிறுவ இயலாது. ஒரு கிளையில் எக்சிமே வேண்டும் என்றும் மறு கிளையில் போஸ்ட்ஃபிக்ஸே வேண்டும் என்றும் வந்துவிட்டால், தனித்தனியே எல்லாம் கிடைத்தாலும் மொத்தமாகச் சேர்க்க வழியில்லை.

கல்யாணப் பந்தியில் இரண்டு உறவினர்களையும் அழைத்தாக வேண்டும். ஆனால் இருவரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்றால் ஏற்படும் சங்கடத்தைப் போன்றது இது. இத்தகைய இருவர் இருந்தால் சமாளிக்கலாம். ஆயிரக்கணக்கானவர் இருந்தால்?

இந்தச் சிக்கல் முன்கூட்டியே தெரியாதபோது உருவாக்கக் கணினி வேலையை எடுத்துக்கொள்ளும், தேவைகளை நிறுவ முயலும், பாதியில் தோற்கும். ஒரு மனிதர் வந்து ஏன் தோற்றது என்று பார்க்க வேண்டும். எந்தப் பொதிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று குறித்துவைக்க வேண்டும். அந்தப் பொதி வந்த பிறகு மீண்டும் முயல வேண்டும். தொண்டர்களின் நேரம் இப்படித்தான் கரைந்தது.

பாரிஸ் ஆய்வாளர்கள் கண்ட உண்மை

இந்த நிலையில்தான் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கவனம் இதன் பக்கம் திரும்பியது. 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் இடோஸ் என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. பாரிஸ் 7ஆம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோபெர்ட்டோ டி கோஸ்மோ, ஜெரோம் வுய்யோன், டெபியன் தொண்டரும் ஆய்வாளருமான ரால்ஃப் ட்ரைனன் போன்றோர் இதில் பங்கேற்றனர். பொதிகள் பெருகிய இயங்குதளங்களை எவ்வாறு தரத்தோடு நிர்வகிப்பது என்பது அவர்கள் ஆராய்ந்த பொருள்.

அவர்கள் கேட்ட கேள்வி மிக எளியது. ஒரு பொதியின் தேவைகள் அனைத்தையும் முரண்பாடு இன்றி நிறைவேற்ற ஏதாவது ஒரு வழியாவது இருக்கிறதா, இல்லையா? கேள்வி எளிது, விடை எளிதன்று. 2006ஆம் ஆண்டு ஜப்பானின் தோக்கியோ நகரில் நடைபெற்ற மென்பொருள் பொறியியல் மாநாட்டில் இந்தக் குழு ஓர் ஆய்வுக் கட்டுரையை அளித்தது. கணினி அறிவியலில் மிகக் கடினமானவை என்று பெயர்பெற்ற ஒரு வகைச் சிக்கல்களில் இதுவும் ஒன்று என்று அதில் நிறுவப்பட்டது.

அந்த வகை எது? கனடாவின் தொரொன்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் குக் 1971ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். 'ஆம், இல்லை' என்ற இரண்டு மதிப்புகளை மட்டுமே ஏற்கும் பல குறிகளைக் கொண்டு நிபந்தனைகள் எழுதப்பட்டுள்ளன. எல்லா நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் நிறைவேறும்படி குறிகளுக்கு மதிப்புக் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு எல்லாச் சந்தர்ப்பங்களிலும் விரைவாக விடை சொல்லும் முறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒரு முறை இருக்க முடியாது என்றும் யாரும் நிறுவவில்லை.

பொதிகளுக்கு இது எப்படிப் பொருந்துகிறது? ஒவ்வொரு பொதியும் ஒரு குறி. நிறுவினால் ஆம், நிறுவாவிட்டால் இல்லை. 'இது வேண்டுமானால் அது வேண்டும்' என்பதும் 'இதுவும் அதுவும் சேராது' என்பதும் நிபந்தனைகள். எல்லாச் சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாமே என்று கேட்கலாம். 20 பொதிகள் என்றாலே சேர்க்கைகளின் எண்ணிக்கை 1 மில்லியனைத் தாண்டும். 30 பொதிகள் என்றால் 1 பில்லியனைத் தாண்டும். பல்லாயிரம் பொதிகள் என்றால் உலகக் கணினிகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தாலும் எண்ணி முடியாது.

ஆனால் ஆய்வாளர்கள் கைவிரித்துவிடவில்லை. கோட்பாட்டளவில் கடினம் என்றாலும், தொண்டர்கள் எழுதும் பட்டியல்கள் வேண்டுமென்றே சிக்கலாக்கிய புதிர்கள் அல்ல. மனிதர் எழுதியவை, ஓர் ஒழுங்கு உடையவை. நிபந்தனைகளைத் தீர்க்கவென்றே பல ஆண்டுகளாகச் செப்பம் செய்யப்பட்ட முறைகள் இருந்தன. எடுத்த முடிவு ஒன்று முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தினால், அந்த முட்டுக்குக் காரணம் என்ன என்று கண்டு, அதே தவறை மறுபடி செய்யாமல் திரும்பிவரும் முறை அது. இதைப் பயன்படுத்தி வுய்யோன் எழுதிய சோதனைக் கருவி, களஞ்சியம் முழுவதையும் நிமிடக் கணக்கில் சோதித்தது. 'முடியாது' என்று சொல்வதோடு நிற்காமல், எந்த இடத்தில் சங்கிலி அறுகிறது என்ற காரணத்தையும் அது எடுத்துக் காட்டியது.

சோதனை அன்றாடப் பழக்கமானது

இடோஸ் திட்டம் 2007ஆம் ஆண்டு முடிவுற்றது. அதன் தொடர்ச்சியாக 2008ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை மான்கூசி என்ற திட்டம் நடைபெற்றது. சோதனைக் கருவிகள் டோஸ் என்ற பெயரில் மேலும் வளர்ந்தன. பியெட்ரோ அபாத்தே இதில் பெரும் பங்காற்றினார். நிறுவும் தேவைகளைச் சோதிக்க ஒரு கருவி. உருவாக்கத் தேவைகளைச் சோதிக்க இன்னொரு கருவி என்று இரண்டும் கிடைத்தன.

பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் பல அங்கேயே உறங்கிவிடுவதுண்டு. இது அப்படி ஆகவில்லை. டெபியனின் உருவாக்கத் தரவுத்தளம் இந்தச் சோதனையைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. ஒரு பொதியின் உருவாக்கத் தேவைகளை நிறைவேற்ற வழியில்லை என்று கருவி சொன்னால், அந்தப் பொதி உருவாக்கக் கணினிக்கே அனுப்பப்படாது. தேவைகள் நிறைவேறாத நிலை என்று குறிக்கப்பட்டுக் காத்திருக்கும். களஞ்சியத்தில் மாற்றம் வந்து வழி திறந்ததும் தானாகவே வரிசைக்கு வரும். முன்பு ஒரு மனிதர் தோல்விக்குப் பிறகு செய்த வேலையை, இப்போது கருவி தோல்விக்கு முன்பே செய்துவிடுகிறது.

ஆயினும் பட்டியலைச் சோதிப்பது ஒன்று. சமைத்துப் பார்ப்பது வேறொன்று. பொருள்கள் எல்லாம் கிடைத்தாலும் சமையல் கெட்டுப்போகலாம். புதிய கம்பைலர் வந்த பிறகு பழைய நிரலை அது ஏற்க மறுப்பது வழக்கமான நிகழ்ச்சி. இதற்காக லூக்காஸ் நுஸ்பாம் என்ற டெபியன் தொண்டர், பிரான்சின் கிரிட் 5000 என்ற ஆய்வுக் கணினி வலையமைப்பைப் பயன்படுத்தி, களஞ்சியத்தின் மூலப் பொதிகள் அனைத்தையும் மொத்தமாக மறுபடி உருவாக்கிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். உருவாக முடியாத பொதிகள் குறைகளாகப் பதிவு செய்யப்படுகின்றன. திருத்தப்படாவிட்டால் அடுத்த வெளியீட்டில் இடம் கிடைக்காது.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி நடந்ததை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். இணையப் பரிமாற்றங்களை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் எனப்பட்ட ஆபத்தான குறை அன்று வெளியானது. அன்றே டெபியன் திருத்திய பொதியை வெளியிட்டது. திருத்தம் சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிகளைச் சேர்த்து, ஒவ்வொரு வகைச் செயலிக்கும் மறுபடி உருவாக்க முடிந்ததால்தான் அது பயனீட்டாளரைச் சென்றடைந்தது. அவசர நாளன்று வந்து கருவி இல்லை என்று தெரிந்துகொள்வதில் என்ன பயன்? பட்டியலைச் சரிபார்க்க வேண்டியது அமைதியான நாளில்தான்.

கோழி முந்தியா, முட்டை முந்தியா?

உருவாக்கத் தேவைகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. சி மொழிக் கம்பைலரை உருவாக்க ஒரு கம்பைலர் தேவை. டோஸ் கருவிகள் எழுதப்பட்ட ஓகேமல் மொழியின் கம்பைலர் ஓகேமல் மொழியிலேயே எழுதப்பட்டது. முதல் கோழி எங்கிருந்து வந்தது?

ஏற்கெனவே ஓடும் கணினியில் இந்தக் கேள்வி எழுவதில்லை. நேற்றைய கம்பைலர் இன்றைய கம்பைலரை உருவாக்கும். ஆனால் புதுவகைச் செயலி ஒன்று சந்தைக்கு வரும்போது அங்கே நேற்று என்பதே இல்லை. ஒன்றையொன்று கேட்டு நிற்கும் பொதிகளின் வளையத்தை எங்காவது ஓரிடத்தில் அறுத்தால்தான் வேலை தொடங்கும். ஜொகானஸ் ஷாவர் என்ற இளைஞர் 2012ஆம் ஆண்டு இதற்கான கருவிகளை எழுதத் தொடங்கினார். டோஸ் நிரலகத்தின் மேல் அமைந்த அந்தக் கருவிகள், எந்தத் தேவையைத் தற்காலிகமாகக் கைவிட்டால் வளையம் குறைந்த இழப்போடு அறுபடும் என்று கணக்கிட்டுக் காட்டின. உதாரணமாக, விளக்கக் கையேட்டை அச்சுக்கு ஏற்ற வடிவில் ஆக்கும் கருவியை முதல் சுற்றில் விட்டுவிடலாம். மென்பொருள் உருவான பிறகு, இரண்டாம் சுற்றில் கையேட்டையும் சேர்த்து முழுமையாக உருவாக்கலாம்.

இருக்கிறதா என்பதும், நம்பலாமா என்பதும்

டெபியனுக்கு வெளியே இந்தப் பாடத்தைப் பலர் தாமதமாகவே கற்றனர். 2016ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற சிறு பொதியை அதன் ஆசிரியர் நீக்கிக்கொண்டார். அதில் இருந்தது 11 வரிகள் மட்டுமே. எழுத்துத் தொடரின் இடப்பக்கத்தை நிரப்பும் சிறு வேலைதான் அது. ஆனால் புகழ்பெற்ற பல மென்பொருள்கள், தேவைக்குத் தேவை என்ற சங்கிலியில் அதைச் சார்ந்திருந்தன. உலகின் பல இடங்களில் மென்பொருள் உருவாக்கம் திடீரென நின்றது. சில மணி நேரத்தில் களஞ்சியத்தார் அந்தப் பொதியை மீண்டும் கொண்டுவந்தனர். பலர் தங்கள் மென்பொருள் அதைச் சார்ந்திருக்கிறது என்பதையே அன்றுதான் அறிந்தனர்.

அது ஒரு பொருள் இல்லாமற்போனதால் வந்த தொல்லை. பொருள் இருந்தும், அது நஞ்சாக இருந்தால்? யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், தாம் பெற்ற டியூரிங் விருதுக்கான உரையில் இதை எச்சரித்தார். அந்த உரை 1984ஆம் ஆண்டு வெளியானது. கம்பைலரில் தீய நிரலை ஒளித்துவைத்தால், மூல நிரலை எவ்வளவு படித்தாலும் அது தெரியாமல் போகலாம் என்று அவர் காட்டினார்.

40 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி அதற்கு நெருங்கிய ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று மறைக்கப்பட்டிருந்தது. பல மாதங்கள் பொறுமையாக உழைத்து, பராமரிப்புப் பொறுப்பைப் பெற்ற ஒருவர் அதை நுழைத்திருந்தார். பின்கதவின் ஒரு பகுதி சோதனைக் கோப்புகளில் ஒளிந்திருந்தது. அதைத் தட்டியெழுப்பும் கட்டளையோ, பொதியை உருவாக்கும் வழிமுறைக்குள் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் சேவையைக் கைப்பற்றுவதே அதன் இலக்கு. அந்தச் சேவை எக்ஸ்இசட்டை நேரடியாகக் கேட்பதில்லை. வேறொரு நிரலகத்தின் வழியாக, தேவைக்குத் தேவை என்ற சங்கிலியில்தான் அது உள்ளே வந்தது. டெபியனின் நிலையற்ற பதிப்பு (சிட்) ஓடிய கணினியில், நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் இதைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது நுழையும் முன்பே தடுக்கப்பட்டது.

தேவைகள் நிறைவேறுமா என்ற சோதனை இத்தகைய சூழ்ச்சியைப் பிடித்துவிடாது. பொருள் இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். பொருள் தூய்மையானதா என்று பார்க்காது. அதற்காக 2013ஆம் ஆண்டு முதல் டெபியன் தொண்டர்கள் வேறொரு முயற்சியில் ஈடுபட்டுள்ளனர். ஒரே மூல நிரலிலிருந்து, ஒரே கருவிகளைக் கொண்டு யார் உருவாக்கினாலும், கடைசி எழுத்து வரை ஒரே பொதி வர வேண்டும் என்பது அதன் குறிக்கோள். இரண்டு பேர் தனித்தனியே உருவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறுபாடு இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. இதற்காக ஒவ்வொரு உருவாக்கத்தின்போதும் எந்தக் கருவி, எந்தப் பதிப்பு பயன்பட்டது என்று ஒரு கோப்பில் பதிவு செய்யப்படுகிறது. 1999ஆம் ஆண்டு சமையற்காரர் எழுதத் தொடங்கிய பட்டியல், இன்று சாட்சிப் பத்திரமாகவும் வளர்ந்திருக்கிறது.

பட்டியலின் மதிப்பு

இடோஸ், மான்கூசி திட்டங்களில் உழைத்த டி கோஸ்மோவும், 2010 முதல் 2013 வரை டெபியன் திட்டத் தலைவராக இருந்த ஸ்டெஃபானோ சாக்கிரோலியும், 2016ஆம் ஆண்டு சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற மாபெரும் காப்பகத்தைத் தொடங்கினர். உலகில் வெளியான மூல நிரல்களைச் சேகரித்துப் பாதுகாப்பது அதன் பணி. 11 வரிப் பொதி ஒன்று காணாமற்போனால் என்ன ஆகும் என்று கண்ட உலகுக்கு, அத்தகைய காப்பகத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வந்த டெபியன் 13 வெளியீட்டில் ஏறக்குறைய 69,800 பொதிகள் இருந்தன. 474 பொதிகளில் இருந்து இந்த அளவுக்கு வளர்ந்ததற்குப் புகழ்பெற்ற நிரலாளர்கள் மட்டுமே காரணமல்லர். தாம் எதைச் சார்ந்திருக்கிறோம் என்று மறைக்காமல் எழுதிவைத்தவர்களும், எழுதியது நிறைவேறுமா என்று நாள்தோறும் சோதித்தவர்களும் அதற்குக் காரணம். அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

எந்த மென்பொருளும் தனித்து நிற்பதில்லை. யாரோ எழுதிய நிரலகத்தை, யாரோ பராமரிக்கும் கருவியை நம்பித்தான் அது பிறக்கிறது. அந்த நம்பிக்கை எங்கெங்கே தங்கியிருக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் ஆபத்து வரும் நாளில் அதைத் திருத்த முடிகிறது. மூல நிரலைத் திறந்து கொடுப்பது சுதந்திரத்தின் முதல் பாதி. கொடுத்த நிரலை இன்னொருவர் தம் கையால் மீண்டும் உருவாக்க முடியும் என்று உறுதி செய்வது மறுபாதி. அந்த மறுபாதியைத்தான், யாரும் கைதட்டாத சமையற்கட்டில் நின்று, டெபியன் தொண்டர்கள் இத்தனை ஆண்டுகளாகக் காத்துவருகிறார்கள்.